சங்கொலியும் சீரான மூச்சும்

கும்பகோணம் சாரங்கபாணி திருக்கோயிலுக்கு அருகில் ஜவுளிக்கடை நடத்தி வருகிறார் அந்த அன்பர். வயது 58. சனிக்கிழமைதோறும் மாலையில் கூடும் பஜனை மண்டலியில் ஜால்ரா அவர் கையில்தான் இருக்கும். மூன்றாண்டுகளுக்கு முன்பு வரை தாளம் பிசகியதே இல்லை. பிறகு, நாமாவளியின் நடுவில் ஜால்ராவின் ஓசை மெல்லத் தேய்ந்து நின்றுவிடத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தால் மனிதர் அமர்ந்தபடியே உறங்கிக்கொண்டிருப்பார். மண்டலியில் அவருக்குக் 'கும்பகர்ணன்' என்ற பெயர் நிலைத்தது. அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். இரவு பத்து மணிக்குப் படுத்தால் காலை ஆறு மணி வரை உறங்குகிறவர். தலையணையில் தலை பட்ட மறுகணமே குறட்டை எழும். இத்தனை உறங்கியும் பகலில் ஏன் கண் சொருகுகிறது என்று கேட்பார் இல்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. அவருடைய மனைவி. முப்பதாண்டுகளாகக் குறட்டை அவருக்குப் பழகிப்போன ஒன்று. அது நின்றுபோகும் தருணமே அவரை அச்சுறுத்தியது. ஓங்கி ஒலித்துக்கொண்டிருக்கும் குறட்டை சட்டென்று அறுந்துவிடும். கணவரின் மார்பும் வயிறும் அசைந்துகொண்டிருக்கும். மூச்சு மட்டும் வராது. அந்த அம்மையார் எழுந்து அமர்ந்து விஷ்ணு சகஸ்ரநாமத்தை மனத்துக்குள் சொல்லத் தொடங்குவார். ஒரு சுலோகம் முடியும்; இன்னொன்றும் முடியும்; சில இரவுகளில் மூன்றாவதும் முடிந்த பிறகே பெரும் விக்கலைப்போல் ஓர் ஒலி எழுந்து மூச்சு திரும்பும். மீண்டும் குறட்டை, மீண்டும் மௌனம். விடியும்வரை இப்படி அவர் காவல் இருந்த இரவுகள் பல. காலையில் கணவரிடம் சொன்னால், "நான் நல்லாத்தானே தூங்கினேன்" என்ற பதிலே வரும். அவர் சொன்னதும் பொய்யன்று. உறங்குகிறவருக்குத் தம் மூச்சு நின்றது தெரிவதில்லை.

2025ஆம் ஆண்டு சித்திரைப் பௌர்ணமிக்குக் குடும்பத்தோடு திருவண்ணாமலை சென்று கிரிவலம் முடித்துத் திரும்பும்போது விருத்தாசலம் தாண்டி அந்த விபத்து நிகழ்ந்தது. வண்டியை ஓட்டியவர் அவர்தான். கார் சாலையை விட்டு இறங்கி ஒரு மைல்கல்லில் மோதி நின்றது. பின்னிருக்கையில் இருந்த பேரனுக்கு நெற்றியில் நான்கு தையல். இரவெல்லாம் நடந்த களைப்பு என்றனர் உறவினர். மனைவி மட்டும் ஒப்பவில்லை. "நடக்காத நாள்லயும் கல்லாவில உட்கார்ந்துகிட்டே தூங்குறீங்க. இது களைப்பு இல்லைங்க. இனிமே நீங்க டாக்டரைப் பார்க்காம இந்த வண்டியில பிள்ளையை ஏத்த விடமாட்டேன்" என்று அறுதியிட்டுச் சொல்லிவிட்டார். இரத்த அழுத்தத்துக்கு மூன்று மாத்திரைகள் விழுங்கியும் அது கட்டுக்குள் வராதிருந்ததைக் குடும்ப மருத்துவரும் நினைவுகூர்ந்து, திருச்சியில் உள்ள நுரையீரல் நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார்.

நாவினால் வந்த உறக்கம்

கும்பகர்ணன் தவம் செய்து வரம் கேட்கும் வேளையில் கலைவாணி அவன் நாவில் அமர்ந்து சொல்லைப் புரட்டிவிட்டாள் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. நித்தியத்துவம் வேண்ட நினைத்தவன் நித்திரத்துவம் வேண்டினான் என்று உபந்யாசகர்கள் சுவைபடச் சொல்வதுண்டு. 'ஸ்லீப் ஏப்னியா' எனப்படும் இந்த நோயிலும் நாவுக்குப் பெரும் பங்கு உண்டு. உறக்கத்தில் உடலின் தசைகள் தளர்கின்றன. தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகளும் அவ்வாறே தளர, நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கை ஒட்டிய மென்மையான அண்ணமும் பின்னோக்கிச் சரிந்து மூச்சுக்குழாய்க்கு மேலுள்ள வழியை அடைக்கின்றன. வழி குறுகும்போது எழுவது குறட்டை. முற்றும் அடைபடும்போது நிலவுவது மௌனம். இரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை அபாயத்தை உணர்ந்து ஒரு கணம் விழிக்கச் செய்கிறது, தொண்டை திறக்கிறது. அந்த விழிப்பு நினைவில் தங்குவதில்லை. எட்டு மணி நேரம் படுத்திருந்தும், தட்டித்தட்டி எழுப்பப்பட்ட ஒருவனின் களைப்பே காலையில் மிஞ்சுகிறது.

பத்து விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு தடைபடுவதை ஒரு நிகழ்வாகக் கணக்கிடுகின்றனர். மணிக்கு 5க்குக் குறைவாக இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை மிதமானது. 30ஐத் தாண்டினால் கடுமையானது. நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர்க்கு இந்நோய் இருக்கலாம் என்று தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில் கணித்துள்ளனர். இசையமைப்பாளர் பப்பி லஹரி 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமானபோது, அவருக்கு இந்நோய் இருந்ததை மருத்துவர்கள் தெரிவித்த பிறகுதான் பலர் இப்பெயரையே கேள்வியுற்றனர். கவனியாது விட்டால் இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு வழிவகுக்கும். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதும், காலையில் தலைவலியோடு கண் விழிப்பதும்கூட இதன் அறிகுறிகளே. வயதாகிவிட்டது என்று அவற்றைத் தள்ளிவிடுகிறோம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இது வருகிறது. அவர்கள் உறக்கத்தை அருகிருந்து கேட்பவர் அதிகமில்லாததால் கண்டறியப்படுவது இன்னும் அரிது.

திருச்சி மருத்துவர் அன்பரைவிட அவர் மனைவியிடமே அதிக நேரம் பேசினார். "எவ்வளவு நேரம் நிற்கும்னு சொல்ல முடியுமாம்மா?" என்று கேட்டதற்கு, "மூணு சுலோகம்" என்றார் அந்த அம்மையார். மருத்துவர் புன்னகைத்து, அங்கேயே சொல்லிக் காட்டச் சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏறத்தாழ அரை நிமிடம். அன்றிரவே உறக்கப் பரிசோதனைக்கு ஏற்பாடாயிற்று. தலை, மார்பு, கால், விரல் நுனி என்று பல இடங்களில் கம்பிகளைப் பொருத்தி, ஓர் இரவு முழுவதும் மூளையின் அலைகளையும் மூச்சையும் பிராணவாயுவின் அளவையும் பதிவு செய்வது இச்சோதனை. எளிய கருவியைக் கொண்டு வீட்டிலேயே செய்யும் முறையும் இப்போது உள்ளது. மறுநாள் முடிவு வந்தது. மணிக்கு 46 தடைகள். 95 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டிய பிராணவாயு, ஒரு கட்டத்தில் 71 வரை இறங்கியிருந்தது.

பரண் ஏறிய கருவி

1980 வரை, கடுமையான நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிடுவதே மருத்துவர்கள் அறிந்த உறுதியான வழியாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் வேறொன்றைச் சிந்தித்தார். சரிந்து விழும் கூடாரத்துக்குள் காற்றை நிரப்பினால் அது நிமிர்ந்து நிற்பதைப்போல, மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்தில் தொடர்ந்து காற்றைச் செலுத்தினால் தொண்டை மூடாமல் நிற்கும் அல்லவா? தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு அவர் அமைத்த கருவி ஐந்து நோயாளிகளுக்குப் பயன்பட்டதை 1981இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். அதுவே இன்று 'சிபாப்' என்று வழங்கும் கருவி. மருந்தில்லை, கத்தியில்லை, காற்று மட்டுமே. கடுமையான மூச்சுத் தடைக்கு இன்றளவும் இதுவே முதல் சிகிச்சை. பொருத்திக்கொண்ட முதல் இரவிலேயே பலருக்குக் குறட்டை அடங்கிவிடுகிறது.

பொருத்திக்கொண்டால் அல்லவா? நம் அன்பர் 48,000 ரூபாய் கொடுத்துக் கருவியை வாங்கினார். விற்றவர், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய முகக்கவசம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, வாரை இறுக்கிக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார். அளவு பார்க்கவில்லை. காற்று பக்கவாட்டில் பீறிட்டுக் கண்ணை உறுத்தியது. தொண்டை வறண்டது. ஆற்றில் மூழ்குவதுபோல் கனவு கண்டு அலறி எழுந்தார். பதினோராவது இரவில் கழற்றி வைத்தவர் பிறகு தொடவே இல்லை. கருவி பரணுக்குப் போயிற்று. கேட்டவர்களிடம், "அது எனக்கு ஒத்துக்கலை" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் இச்சிகிச்சையின் தோல்விகள் பெரும்பாலும் முடிகின்றன. மூக்குக் கண்ணாடி பொருந்தாவிட்டால் கடைக்காரரிடம் திரும்பப் போய்ச் சரிசெய்து வாங்குகிறோம். கண்ணாடியே ஆகாது என்று இருந்துவிடுவதில்லை. அரை லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு மட்டும் அந்தப் பொறுமை நமக்கு வாய்ப்பதில்லை என்பது வியப்பு.

புரட்டாசியில் நவராத்திரிக்காகக் கொலு பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கியபோது, தசாவதாரப் பெட்டிக்குப் பின்னால் அக்கருவியும் வெளிப்பட்டது. மருமகள் அதைத் துடைத்துக் கொண்டிருந்த அதே வேளையில், பஜனை மண்டலி நண்பர் ஒருவர் செய்தித்தாள் நறுக்கு ஒன்றோடு வந்து சேர்ந்தார். சங்கு ஊதினால் குறட்டை நோய் தீரும் என்பது அவர் கொண்டுவந்த நற்செய்தி.

செய்தி உண்மையானதே. ஜெய்ப்பூரில் எடர்னல் இருதய சிகிச்சை மையத்தைச் சேர்ந்த மருத்துவர் கிருஷ்ண சர்மாவும் உடன் பணியாற்றியோரும் மேற்கொண்ட ஆய்வு அது. ஐரோப்பிய சுவாச மருத்துவக் கழகத்தின் ஆய்விதழ் ஒன்றில் 2025 ஆகஸ்டில் வெளியாயிற்று. மிதமான மூச்சுத் தடை உள்ள 30 பேர் அதில் பங்கேற்றனர். 16 பேருக்குச் சங்கு ஊதக் கற்பித்து, நாளொன்றுக்குக் குறைந்தது 15 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் ஊதச் செய்தனர்; மற்ற 14 பேருக்கு ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி. ஆறு மாதங்களுக்குப் பின், சங்கு ஊதியவர்களின் பகல் உறக்கம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. இரவில் மணிக்குச் சராசரியாக நான்கைந்து தடைகள் குறைந்திருந்தன. மூக்கால் ஆழ இழுத்து, உதடுகளைக் குவித்து, எதிர்ப்பை மீறி நீண்ட நேரம் மூச்சை வெளிவிடும்போது தொண்டைத் தசைகளும் மென்னண்ணமும் வலுப்பெறுகின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம்.

ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட குழல் வாத்தியமான டிஜரிடூவைப் பயில்வது இந்நோய்க்கு உதவுகிறது என்று சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2006இலேயே காட்டியிருந்தனர். இரட்டைச் சீவாளி கொண்ட வாத்தியங்களை வாசிப்பவர்களிடம் இந்நோயின் அபாயம் குறைவாகக் காணப்பட்டதாகவும் ஓர் ஆய்வு உண்டு. நம் நாதஸ்வரமும் இரட்டைச் சீவாளி வாத்தியமே. கார்த்திகைச் சோமவாரத்தில் 1008 சங்குகளால் அபிஷேகம் காண்கிற, திருக்கழுக்குன்றத்துத் தீர்த்தத்தில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு தோன்றுவதைக் காணத் திரள்கிற நமக்கு, இச்செய்தி இனிப்பதில் வியப்பில்லை.

அன்பரும் மகிழ்ந்தார். கருவியை விற்றுவிட முடிவு செய்தார். அபிஷேகச் சங்கு வேறு, ஊதுசங்கு வேறு. நுனி அறுக்கப்பட்ட ஊதுசங்கு ஒன்றை வாங்கி, கயிலாய வாத்தியக் குழுவில் சங்கு ஊதும் இளைஞர் ஒருவரிடம் கற்கவும் தொடங்கினார். அம்மையார் தடுக்கவில்லை. "சங்கும் ஊதுங்க. ஆனா விக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்று கருவியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டார்.

மருத்துவர் செய்தி நறுக்கை முழுவதும் படித்தார், பரிகசிக்கவில்லை. "நல்ல பயிற்சிதான் ஐயா, விடாம ஊதுங்க. ஆனா இதுல இருந்தவங்க மிதமான நோய் உள்ளவங்க. முப்பதே பேர். மணிக்கு அஞ்சு குறைஞ்சிருக்கு. உங்களுக்கு 46. அஞ்சு போனா எவ்வளவு?"

கடைக்கணக்கில் பிசகாதவர் அவர். "நாற்பத்தொண்ணு" என்றார். பிறகு நெடுநேரம் அவர் பேசவில்லை. 41 என்பதும் கடுமையான நோய்தான்.

அதன்பின் மருத்துவர் செய்தவை எல்லாம் சிறு சிறு காரியங்கள். கருவியின் நினைவு அட்டையில் அந்தப் பதினோர் இரவுகளும் பதிவாகியிருந்தன. ஒவ்வோர் இரவும் காற்றுக்கசிவு மிகுதி. முகத்தை அளந்து, மூக்கை மட்டும் மூடும் சிறிய கவசத்துக்கு மாற்றினார். ஒவ்வாமையால் மூக்கு அடைத்திருந்ததே அவர் வாயால் மூச்சு விடக் காரணம் என்று கண்டு, அதற்கு மூக்கில் அடிக்கும் மருந்தைக் கொடுத்தார். தொண்டை வறளாதிருக்கக் காற்றை ஈரப்படுத்தும் நீர்க்கலம் சேர்க்கப்பட்டது. அதில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் முழு அழுத்தம் வராமல், உறக்கம் பிடிக்கும்வரை மெல்ல ஏறும்படி அமைத்தார். முக்கியமான யோசனை ஒன்றும் சொன்னார்: முதல் வாரம் படுக்கையில் வேண்டாம், மாலையில் தொலைக்காட்சியில் உபந்யாசம் கேட்கும்போது அரைமணி நேரம் கவசத்தை அணிந்து பழகுங்கள். விழித்திருக்கையில் அச்சம் தெளிந்தால் உறக்கத்தில் அலறல் வராது.

படுக்குமுன் முகம் கழுவ வேண்டும் என்பதை அவர்களே அனுபவத்தில் கண்டனர். முகத்தின் எண்ணெய்ப் பசையும், நெற்றியில் எஞ்சிய திருமண்ணும் கவசத்தை வழுக்கச் செய்தன. மின்வெட்டு இரவுகளுக்காகக் கருவி இன்வர்ட்டரோடு இணைக்கப்பட்டது. காலையில் கவசத்தைக் கழுவி நிழலில் உலர்த்துவது பேரனின் பொறுப்பாயிற்று.

உணவும் மாறியது. உடல் எடை பத்து விழுக்காடு குறைந்தால் மூச்சுத் தடைகள் கால்பங்குக்குச் சற்று மேல் குறைகின்றன என்றும், பத்து விழுக்காடு கூடினால் மூன்றிலொரு பங்கு அளவுக்குப் பெருகுகின்றன என்றும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நெடுநாள் நடந்த ஆய்வு 2000இல் தெரிவித்தது. சனிக்கிழமை பஜனை முடிந்து இரவு ஒன்பதரைக்கு வழங்கும் சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் அவருக்கு இராச்சாப்பாடாகவே இருந்து வந்தன. பிரசாதத்தை யாரும் மறுக்கச் சொல்லவில்லை. ஒரு கரண்டி போதும் என்றாயிற்று. 88 கிலோவிலிருந்து மூன்று மாதத்தில் 82.

எல்லோருக்கும் கருவியே வழி என்பதில்லை. நோய் இலேசாகவோ மிதமாகவோ இருந்தால், கீழ்த்தாடையைச் சற்று முன்னோக்கி நிறுத்தும் பல்சாதனத்தைப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருகிறார். மல்லாந்து படுக்கையில் மட்டும் மூச்சு தடைபடுகிறவர்கள் ஒருக்களித்துப் படுத்தாலே பெரிதும் தேறுகின்றனர். சட்டையின் முதுகில் பந்து ஒன்றைத் தைத்துக்கொள்ளும் பழைய உத்தி இன்றும் சிலருக்கு உதவுகிறது. சாரங்கபாணிப் பெருமாள், திருமழிசை ஆழ்வாரின் வேண்டுதலுக்கு இரங்கி எழத் தொடங்கிய நிலையில், தலை சற்று உயர்ந்த உத்தான சயனத்தில் சேவை சாதிக்கிறார். தலைப்பக்கத்தைச் சிறிது உயர்த்திப் படுப்பதும் சிலருக்குப் பயன் தருகிறது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தொண்டைச் சதையும் மூக்கடிச் சதையும் வீங்குவதே காரணமாதலால் அறுவை சிகிச்சை முதலில் கருதப்படுகிறது. உடல் பருமனோடு கூடிய நோய்க்கு டிர்செபடைடு என்னும் ஊசிமருந்தை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதித்தது. எது யாருக்கு என்பதைப் பரிசோதனை முடிவைக் கண்டே சொல்ல இயலும். உறக்கம் வரவில்லை என்று தாமாகவே தூக்க மாத்திரை போட்டுக்கொள்வது மட்டும் ஆபத்து. அது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்திவிடலாம். சங்கு ஊத விரும்புவோரும், கண்ணில் நீர் அழுத்த நோயோ குடலிறக்கமோ கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். கருவியை வாங்குமுன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பழகலாம். மருத்துவக் காப்பீட்டில் அதன் விலை அடங்குமா என்பதையும் பாலிசியைப் பிரித்துப் பார்த்துக்கொள்வது நலம். பல பாலிசிகளில் அடங்குவதில்லை.

ஐப்பசி கடைசியில் மீண்டும் நினைவு அட்டையைக் கொண்டு சென்றனர். சராசரியாக இரவுக்கு ஆறரை மணி நேரம் கவசம் அணிந்திருக்கிறார். அணிந்திருக்கும்போது மணிக்கு 3 தடைகள். இரத்த அழுத்த மாத்திரை ஒன்றை மருத்துவர் நிறுத்தினார். வண்டி ஓட்ட அனுமதித்தார். இரவுப் பயணம் மட்டும் வேண்டாம் என்றார்.

மார்கழி பிறந்தது. அதிகாலை நாலரை மணிக்கு அலாரம் ஒலிக்குமுன்பே அன்பர் எழுந்து, கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குளித்து, திருமண் இட்டுக்கொண்டார். பஜனை கோஷ்டி தெருமுனையை நெருங்கும் ஓசை கேட்டது. வழக்கமாக அவருக்கு முன்பே எழுந்து வாசலில் கோலமிட்டிருக்கும் மனைவி, அன்று ஒருக்களித்துப் படுத்து ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பக் கையை நீட்டியவர், சற்று நின்று, அந்த மூச்சு ஏறி இறங்குவதைக் கேட்டார். மருமகளிடம், "அம்மாவை எழுப்பாதேம்மா, கோலத்தை நீயே போட்டுடு" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, ஜால்ராவை ஒரு கையிலும் சங்கை மறு கையிலும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். தெருமுனையைத் தாண்டிய பிறகே சங்கை ஊதினார்.